கரையைத் தொடாத கப்பல்கள்: பொருநைக் கடல்முகத் துறைகளின் வரலாறு

தாமிரபரணி என்று இன்று வழங்கும் பொருநையாறு பொதிகை மலையில் தோன்றி, திருநெல்வேலிச் சமவெளியின் வயல்களுக்குப் பாய்ந்து, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலுக்கு அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. இந்த ஆற்றுமுகத்தின் இருபுறக் கரையையும் சார்ந்து கொற்கை, பழையகாயல், காயல்பட்டினம், புன்னைக்காயல், தூத்துக்குடி எனப் பல துறைகள் வெவ்வேறு காலங்களில் எழுந்தன. அவை அரபுக்கடலுக்கும் வங்கக்கடலுக்கும் இடையே செல்லும் கப்பல்களுக்கு வழித்தங்கல்களாக, அதாவது பயணத்தின் நடுவில் நின்று, சரக்கையும் ஆளையும் ஏற்றி இறக்கி, நீரும் உணவும் எடுத்துக்கொண்டு புறப்படும் இடங்களாக விளங்கின. இத்துறைகளின் வரலாற்றை அரச மரபுகளின் எழுச்சி வீழ்ச்சியோடு இணைத்துச் சொல்வதே வழக்கம். ஆனால் இரண்டு இயற்கைக் காரணங்களைக் கணக்கில் கொள்ளாமல் அந்த வரலாறு முழுமை பெறாது. ஒன்று, ஆறு கொண்டுவந்து கொட்டும் வண்டல். மற்றொன்று, கரையிலிருந்து நெடுந்தொலைவு வரை ஆழமின்றி மெல்லச் சரியும் கடற்தரை. முன்னது துறைகளை இடம்பெயர வைத்தது; பின்னது கப்பலைக் கரைக்கு வரவிடாமல் வெளிக்கடலில் நிறுத்தியது. கப்பலுக்கும் கரைக்கும் இடைப்பட்ட அந்த நீர்வெளியைக் கடக்கும் படகு யார் கையில் இருந்ததோ அவரைத் தவிர்த்து இங்கே எந்த வணிகமும் நடக்க இயலவில்லை.

இவற்றுள் மிகப் பழையதான கொற்கை கழிமுகத் துறையாகும். ஆறு கடலோடு கலக்குமிடத்தில் உப்புநீரும் நன்னீரும் கலந்த அமைதியான நீர்ப்பரப்பையே கழிமுகம் என்பர். பாண்டியரின் முத்துக்குப் பெயர்போன இவ்வூரைச் சங்கப் பாடல்கள் பலவும் குறிக்கின்றன. வெற்றிவேற் செழியன் இங்கிருந்து ஆண்டதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடல்வழிக் கையேடான பெரிப்ளுசும், அடுத்த நூற்றாண்டில் வாழ்ந்த புவியியலாளர் தாலமியும் இதைக் கொல்கோய் என்று குறித்துள்ளனர். இங்கே முத்துக்குளிக்கும் வேலையில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்ற பெரிப்ளுசின் செய்தி, முத்தின் ஒளியைப் புகழும் பாடல்கள் சொல்லாமல் விட்ட ஒரு பக்கத்தைக் காட்டுகிறது. 1968-69இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை இங்கு நடத்திய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டின் கதிரியக்கக் கணிப்பு, குடியிருப்பின் பழமையை கி.மு. எட்டாம் நூற்றாண்டை ஒட்டிய காலத்துக்குக் கொண்டு சென்றது. அக்கசாலை என்பது நாணயம் அடிக்கும் இடத்துக்கான பழஞ்சொல்; அச்சொல்லைப் பெயரில் தாங்கிய ஒரு கோயில் இன்றும் ஊரில் இருக்கிறது. கடல்தான் இல்லை. அது ஏழெட்டுக் கிலோமீட்டர் கிழக்கே விலகிப் போய்விட்டது. துறை இருந்த இடத்தைச் சுற்றி இன்று நெல்லும் வாழையும் விளைகின்றன.

கடல் விலகியதற்கான விளக்கத்தை முதலில் முறையாக முன்வைத்தவர், இடையன்குடியில் வாழ்ந்து திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய ராபர்ட் கால்டுவெல் ஆவார். 1881இல் வெளியான தமது திருநெல்வேலி மாவட்ட வரலாற்று நூலில், ஆற்று வண்டல் முகத்துவாரத்தை ஆண்டுதோறும் மேடாக்கியதால் கொற்கை உள்நாட்டு ஊராகியது என்றும், அதன் வணிகம் கடலுக்கு நெருக்கமாக எழுந்த காயலுக்கு மாறியது என்றும், காயலும் அதே விதிக்கு ஆளானபின் தூத்துக்குடி தலையெடுத்தது என்றும் அவர் வாதிட்டார். போர்த்துகீசியரின் வருகை, முத்துக்குளிப்போரின் குடிப்பெயர்ச்சி முதலிய மனிதக் காரணங்களும் இதில் சேர்ந்திருந்தமையால், பிற்கால ஆய்வாளர்கள் இந்த நேர்கோட்டு வரிசையை அப்படியே ஏற்பதில்லை. எனினும் அடிப்படை வாதம் அசைக்கப்படவில்லை. பொருநை தன் வயல்களை வளர்த்த அதே வண்டலால் தன் துறைகளைத் தூர்த்தது.

காயலைப் பற்றிய சான்றுகள் கொற்கையைக் காட்டிலும் செறிவானவை. 1290களின் தொடக்கத்தில் சீனத்திலிருந்து பாரசீகத்துக்குத் திரும்பும் கடல்வழியில் இக்கரையைக் கண்ட வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, இதைப் பெருநகரம் என்று வர்ணித்து, ஹோர்முஸ், கீஷ், ஏடன் முதலிய மேற்றிசைத் துறைகளிலிருந்து குதிரைகளையும் பிற சரக்குகளையும் ஏற்றிவரும் கப்பல்கள் அனைத்தும் இங்கே தங்கிச் செல்கின்றன என்று எழுதினார். அது முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியனின் ஆட்சிக்காலம். அயல்நாட்டு வணிகரை மன்னர் நேர்மையாக நடத்துவதே அவர்கள் விரும்பி வருவதற்குக் காரணம் என்றும் போலோ சொல்கிறார். நகரத்து மக்கள் தாம்பூலம் என்ற இலையைச் சுண்ணாம்பும் வாசனைப் பொருளும் சேர்த்து ஓயாமல் மெல்லுகிறார்கள் என்றும், ஒருவரை அவமதிக்க வேண்டுமானால் அந்த எச்சிலை அவர் முகத்தில் உமிழ்வார்கள் என்றும், அது மன்னர் முன்னிலையில் வாட்போர் வரை செல்லும் என்றும் அவர் தரும் விவரணை, துறைமுகத்தின் ஏற்றுமதி இறக்குமதியைவிட அவருக்கு எது விசித்திரமாகப் பட்டது என்பதைக் காட்டுகிறது. வெற்றிலை மெல்லும் ஊரில் சில நாள் நின்ற பயணிக்கு அது இயல்புதான்.

குதிரை வணிகத்தின் கணக்கைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதி வைத்துள்ளார். கீஷ் தீவின் தலைவரான ஜமாலுத்தீன் தம் லாயத்திலிருந்து ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை மாபாருக்கு அனுப்ப உடன்பாடு இருந்தது; மாபார் என்பது தமிழகத்தின் கீழைக்கடற்கரைக்கு அராபியர் இட்ட பெயராகும். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் விலை; வழியில் இறந்த குதிரைக்கும் பாண்டியரின் கருவூலமே பணம் கொடுத்தது. ஜமாலுத்தீனின் சகோதரரான தகியுத்தீன் அப்துர் ரகுமான் காயல் உள்ளிட்ட துறைகளின் பொறுப்பில் இருந்தார். கடலில் செத்த குதிரைக்கும் விலை பெறும் ஒப்பந்தம் வணிகருக்கு எவ்வளவு சாதகமானது என்பதை விளக்க வேண்டியதில்லை. குதிரைகளைப் பேணும் முறை இந்நாட்டாருக்குத் தெரியாததால் அவை விரைவில் மடிந்தன என்றும், மேலைநாட்டு வணிகர்கள் குதிரை மருத்துவர்களை இங்கு வரவிடாமல் பார்த்துக்கொண்டனர் என்றும் போலோ குறிப்பதைச் சேர்த்துப் படிக்கும்போது, காயலின் செழிப்பில் பாண்டியரின் பொன் எவ்வளவு கரைந்திருக்கும் என்பது விளங்கும்.

பதினைந்தாம் நூற்றாண்டில் சீனத் தளபதி செங் ஹோவின் கப்பற்படை சென்ற நாடுகளின் பட்டியலிலும் காயல் இடம்பெறுகிறது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துவார்த்தே பார்போசா என்ற போர்த்துகீசியர் எழுதியபோதும் மலபாரிலிருந்தும் சோழமண்டலத்திலிருந்தும் வங்கத்திலிருந்தும் கப்பல்கள் இங்கு வந்துகொண்டிருந்தன. அதன்பின் காயல் மெல்ல மங்கியது. கால்டுவெல் அவ்விடத்தை ஆராய்ந்தபோது, கடற்கரையை ஒட்டிய சமவெளியில் நெடுந்தூரம் உடைந்த ஓடுகளும் பானைத்துண்டுகளும் சிதறிக் கிடந்தன. அவற்றுள் சீனப் பீங்கானும் அரபு நாட்டு மட்கலச் சில்லுகளும் இருந்தன. போலோ சொன்ன நகரம் பழையகாயலே என்ற அவருடைய முடிவைப் போலோவின் நூலை ஆங்கிலத்தில் பதிப்பித்த ஹென்றி யூல் ஏற்றுக்கொண்டார். ஆற்றின் தென்புறத்தில் உள்ள காயல்பட்டினம் தனி ஊர்; அங்குள்ள முஸ்லிம் வணிகர் மரபு இலங்கையோடும் பிற நாடுகளோடும் கொண்ட கடல் உறவு காயல் துறை தூர்ந்த பின்னும் அறுபடவில்லை.

1530களில் கடற்கரைப் பரதவர் திரளாகக் கத்தோலிக்க சமயம் தழுவியதும், 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்ததும், போர்த்துகீசியர் முதலில் புன்னைக்காயலையும் பின்னர் தூத்துக்குடியையும் தம் நிலையங்களாக்கிக் கொண்டதும் விரிவாக எழுதப்பட்டவை. 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். இடையிடையே ஆங்கிலேயர் பிடித்துத் திருப்பிக் கொடுத்தபின், 1825இல் அது நிலையாக ஆங்கிலேயர் வசமாயிற்று. இந்த மூவரும் கண்வைத்தது முத்தின் மீது. கடலடியில் சிப்பி படியும் திட்டைப் பார் என்றும், அரசு அறிவிப்பின்படி குறித்த பருவத்தில் நடக்கும் முத்தெடுப்பைச் சலாபம் என்றும் இங்கே சொல்வர். கரையை ஆளும் கொடி மாறினாலும் பாருக்கு வழிகாட்டவும் மூழ்கவும் பரதவரே வேண்டியிருந்தது. அதனால்தான் சாதித்தலைவர் என்ற அவர்களின் மரபுத் தலைவரை ஒவ்வொரு அரசும் மதித்து, சலாபத்தில் அவருக்குரிய பங்கையும் ஒப்புக்கொண்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் முத்தின் இடத்தைப் பருத்தி பிடித்தது. கோவில்பட்டி, விளாத்திகுளம் பகுதிகளின் கரிசல் நிலத்தில் விளைந்த பருத்தி பொதிகளாக அழுத்தப்பட்டுத் தூத்துக்குடி வழியாக வெளியேறியது. மதராஸ் மாகாணத்தில் சென்னைக்கு அடுத்த துறைமுகமாக அது உயர்ந்தது. ஆயினும் துறைமுகம் என்ற சொல் இங்கே மயக்கம் தரக்கூடியது. பெரிய நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து ஐந்தாறு மைல் தள்ளியே நங்கூரமிட்டு நின்றன. அதற்கு மேல் நெருங்கினால் தரைதட்டும். கரையோரத் தீவுகளும் பவளப் பாறைகளும் அலையின் வேகத்தைத் தணித்து நங்கூரமிடும் இடத்துக்கு ஓரளவு பாதுகாப்பு அளித்தனவேயன்றி ஆழத்தை அளிக்கவில்லை. பருத்திப் பொதிகள் கரையில் சரக்குப் படகுகளில் ஏற்றப்பட்டுக் கப்பலின் விலாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. கப்பல் கொண்டுவந்த அரிசியும் பிறவும் அதே படகுகளில் கரை சேர்ந்தன. பயணிகள் சிறு நீராவிப் படகில் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ பயணம் செய்து, கப்பலின் பக்கவாட்டு ஏணியைப் பற்றி ஏற வேண்டும். கச்சான் எனப்படும் மேல்காற்று ஓங்கி வீசும் மாதங்களில், அலையில் ஏறி இறங்கும் படகிலிருந்து அசையும் ஏணிக்குக் கால் மாற்றுவது பெட்டி படுக்கையோடு வந்தவர்களுக்கு எளிதாக இருந்திராது. தோணி எனப்படும் பெரிய பாய்மரக் கலங்களால் மட்டும் கரையை நெருங்க முடிந்தது. அவற்றைச் செலுத்தும் தலைவரான தண்டல், கடலின் ஆழத்தையும் காற்றின் திசையையும் பழக்கத்தால் அறிந்தவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி ஓட்டிய குடும்பங்கள் நீராவியின் காலத்திலும் தொழிலை விடவில்லை.

இந்த அமைப்பின் மீது பேரரசின் கவனம் ஒருமுறை நேரடியாக விழுந்தது. 1875 டிசம்பரில் இந்தியச் சுற்றுப்பயணம் மேற்கொண்ட வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்டாக முடிசூடியவர், செராபிஸ் என்ற கப்பலில் கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்கு வந்தார். அரச குடும்பத்தின் கப்பலுக்கும் கடல் ஆழம் கூடிவிடவில்லை. இளவரசரும் படகு மாறியே கரையேற வேண்டியிருந்தது. மதுரையிலிருந்து தூத்துக்குடி வரையிலான ரயில்பாதை பொதுப் போக்குவரத்துக்கு 1876 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது என்றாலும், அவருடைய சிறப்பு ரயில் அதற்கு முன்பே அப்பாதையில் ஓடியது. மணியாச்சியில் ரயில் நின்றபோது கால்டுவெல், சார்ஜென்ட் ஆகிய சமயப் பணியாளர்களின் தலைமையில் திரண்டிருந்த திருநெல்வேலிக் கிறித்தவர்கள் ஆயிரக்கணக்கில் வரவேற்று, தமிழ் விவிலியத்தைப் பரிசளித்தனர். ரயிலும் கப்பலும் சந்திக்கும் ஊராகத் தூத்துக்குடி அறிவிக்கப்பட்ட நிகழ்வு என்று இதைக் கொள்ளலாம்.

அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்காலம் சென்னைக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட முதன்மை வழி இதுவே. சென்னையிலிருந்து 440 மைல்களுக்கு மேல் ஓடித் தூத்துக்குடியில் கப்பலோடு இணையும் ரயிலுக்குப் போட் மெயில் என்று பெயர். தபாலையும் பயணியரையும் படகுத்துறை வரை கொண்டுவந்ததால் அப்பெயர் பெற்றது. மாலையில் புறப்படும் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் கப்பல் மறுநாள் காலையில் கொழும்பை அடைந்தது. முதல் வகுப்பில் தோட்டத் துரைமாரும் அதிகாரிகளும் சென்றனர். கொழும்பின் கோட்டைப் பகுதியிலும் புறக்கோட்டையிலும் கடை வைத்திருந்த திருநெல்வேலி வணிகர் அடுத்த நிலையில் இருந்தனர். மேல்தளத்தில் நெருக்கியடித்து அமர்ந்தவர்கள் கங்காணிகள் திரட்டிக் கூட்டிச் சென்ற தோட்டத் தொழிலாளர்கள். கங்காணி என்பவர் தோட்டத்துக்கு ஆள்சேர்த்து, அவர்களை மேற்பார்க்கும் முகவர். தொற்றுநோய் அச்சத்தால் இலங்கை அரசு தூத்துக்குடிக்கு அருகேயுள்ள தட்டப்பாறையில் ஒரு முகாம் அமைத்தது. தொழிலாளர்கள் அங்கே தனித்து வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்ட பின்னரே படகேற முடிந்தது. முதல் வகுப்புப் பயணியின் நினைவில் தூத்துக்குடி சில மணி நேர நிறுத்தம். தட்டப்பாறையில் காத்திருந்தவருக்கு அது தாய்நாட்டின் கடைசிச் சில நாட்கள்.

இந்த வழியின் ஏகபோகத்தை எதிர்த்ததே சுதேசி நாவாய்ச் சங்கத்தின் வரலாறு. ஓட்டப்பிடாரத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் வ.உ.சிதம்பரம் பிள்ளையின் முயற்சியால் 1906 அக்டோபர் 16 அன்று பதிவுசெய்யப்பட்ட இக்கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை வாங்கி 2 லட்சம் ரூபாய் அளித்தார். தொடக்கத்தில் பம்பாயின் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்த கப்பல்கள் வெள்ளையர் கம்பெனியின் நெருக்குதலால் நிறுத்தப்பட, வ.உ.சி. கொழும்பு சென்று வேறு கப்பலை ஏற்பாடு செய்தார். பின்னர் சொந்தமாக வாங்கிய காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் 1907இல் தூத்துக்குடிக்கு வந்தன. ஒவ்வொன்றும் 1,300 சாதாரணப் பயணியரையும் 4,000 மூட்டைச் சரக்கையும் ஏற்ற வல்லது. போட்டியில் பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைக்க, சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்க, முன்னது இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுக்க முன்வந்தது என்பது பலராலும் பதிவுசெய்யப்பட்ட செய்தி.

குடைக் கதை நாடகத்தன்மை மிக்கதால் அதுவே நினைவில் நின்றுவிட்டது. ஆனால் இத்துறையின் இயல்பை அறிந்தவருக்குப் போட்டியின் உண்மையான களம் ஐந்து மைல் நீர்வெளி என்பது புலப்படும். கப்பல் எவ்வளவு பெரிதானாலும், படகு வராவிட்டால் அது வெளிக்கடலில் வெறுமனே நிற்கும் இரும்புக்கூடு. பயணியைக் கப்பலுக்கு அழைத்துச்செல்லும் நீராவிப் படகு, பொதி ஏற்றும் படகோட்டி, ரயில் நிலையத்தில் பயணியை எதிர்கொள்ளும் முகவர், அனுமதி தரும் துறைமுக அதிகாரி ஆகிய அனைவரையும் பல ஆண்டுகளாகப் பழக்கிவைத்திருந்த நிறுவனத்தை எதிர்த்துப் புதிய கம்பெனி நிற்க முடிந்தது என்றால், ஊர் வணிகரின் பங்குப்பணத்தோடு கரைத் தொழிலாளரின் சார்பும் அதற்குக் கிடைத்திருக்க வேண்டும். 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை வ.உ.சி. முன்னின்று நடத்தியதை இந்தப் பின்னணியில் பார்ப்பது பொருத்தம். மார்ச் 12 அன்று அவர் கைதானார். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம் வெடித்தது. ஜூலையில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். தலைமையிழந்த கம்பெனி 1911இல் கலைக்கப்பட்டது. காலியா கப்பல் போட்டிக் கம்பெனியிடமே விற்கப்பட்டது.

அதே 1911இன் ஜூன் 17 அன்று திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் மணியாச்சிச் சந்திப்பில் வாஞ்சிநாதனால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆஷின் ரயில் அங்கே நின்றிருந்தது தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயிலுக்காக. கொழும்புக் கப்பலின் பயணியரைச் சுமந்துவரும் அந்த ரயிலின் இணைப்புக்கான சில நிமிடக் காத்திருப்பே கொலைக்கு வாய்ப்பளித்தது. இளவரசர் வரவேற்கப்பட்ட நிலையமும் இதுதான்.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் குறுகிய கடல்வழி அமைந்ததும் போட் மெயில் திசை மாறியது. இரவு முழுதும் கடலில் கழிக்க வேண்டிய தூத்துக்குடி வழி இரண்டாம் நிலைக்கு இறங்கியது. பயணியர் குறைந்தனரே தவிரச் சரக்கு குறையவில்லை. கப்பலைக் கரைக்குக் கொண்டுவரும் திட்டம் பல பத்தாண்டுகள் பேசப்பட்டு, இறுதியில் ஊருக்குத் தெற்கே கடலுக்குள் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளத்துக்குக் கற்களைக் கொட்டி இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. 1974 ஜூலையில் இது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கடல் கரைக்கு வர மறுத்த இடத்தில் கரை கடலுக்குள் நீட்டப்பட்டது. படகின் இடையீடு இல்லாமல் பெரிய கப்பல் இந்த ஊரில் பக்கவாட்டாக நின்று சரக்கிறக்கும் நிலை அப்போதுதான் உருவாயிற்று. 2011இல் துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது பொருத்தமே. ஆனால் கப்பல் கரை சேர்ந்த காலத்தில் பயணி இல்லை. அதே 2011 ஜூனில் ஸ்கோடியா பிரின்ஸ் என்ற கப்பலைக் கொண்டு கொழும்புச் சேவை மீண்டும் தொடங்கப்பட்டு, ஆறு மாதம் முடிவதற்குள் நவம்பரில் நின்றுபோயிற்று. பின்னர் 2023 அக்டோபரில் தமிழகத்திலிருந்து இலங்கைக்குப் பயணியர் கப்பல் புறப்பட்டபோது, அது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கே சென்றது.